சாப்பாட்டு மேசையில் பனவிளை ஸ்டேஷன்

இதை எழுதுகிற விரலில் இன்னும் சொல்யூஷன் மணம் போகவில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டுவார்களே, அந்தச் சொல்யூஷன்தான். சோப்பு போட்டாச்சு, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாச்சு, மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கச் சொன்னார் வீட்டுக்காரர், அதையும் செய்தாச்சு. ம்ஹூம். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது போயே தீரவேண்டுமென்று அவ்வளவு அவசரமில்லை. ரப்பர் மணம் என்றால் எனக்கு அருமனை. துணி காய்கிற கொடியில் பாதியும் ரப்பர் ஷீட் காய்கிற வீட்டில் பிறந்தவள் நான். ரயில்வேயிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று அப்பா ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். கையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய்த் தபாலை வாங்கிவிட்டார். உத்தரவின் ஓரத்தில் அவருடைய பெருவிரல் ரப்பர் பாலில் அப்படியே பதிந்துவிட்டது. அதோடுதான் பனவிளை ஸ்டேஷனில் போய் நின்றேன், டிக்கெட் கிளார்க்காக. ஸ்டேஷன் மாஸ்டர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது என்னம்மா, கைநாட்டா?”

ஞானசிகாமணி மாஸ்டர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அடுத்த ஒன்பது வருஷமும் ஏறக்குறைய அதே தொனிதான்.

சொல்யூஷன் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது பனவிளை ஸ்டேஷன் நிற்கிறது. நாலடிக்கு ஓரங்குலம் என்ற அளவில், கருங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக. சுவர் அட்டை, கூரை பழைய பெட்டிக்குள் வருகிற வரிவரி அட்டை. தீயணைக்கும் சிவப்பு வாளிகள் டானிக் பாட்டில் மூடிகள். பிளாட்பாரத்தில் நின்ற அயனி மரத்துக்குத் தேங்காய்நார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதமாகத் தரையில் இலை போட்டுத்தான் சாப்பிடுகிறோம்.

“மேசையில ரயில் வந்தா மனுசன் எங்க போவான்?” என்று வீட்டுக்காரர் முதல் வாரம் கேட்டார். இரண்டாவது வாரம் தன் ஷேவிங் பிரஷ்ஷைக் கொண்டுவந்து, புல்லுக்கு ஆகுமா என்று கேட்டார்.

எங்கள் ஜில்லாவில் ரயில் ஒன்றும் வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரமில்லை. முதல் வண்டி வந்தது எங்களுக்கெல்லாம் நல்ல ஓர்மை உள்ள காலத்தில்தான். அதனால் பனவிளை ஸ்டேஷனைச் சரித்திரச் சின்னம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரட்டைத் தண்டவாளம் போட வேண்டுமென்று ஒரு நாள் யந்திரம் வந்தது. நான் கடைக்குப் போய்ச் சீனி வாங்கித் திரும்புவதற்குள் டிக்கெட் ஆபீஸ் சுவர் தரையில் கிடந்தது. நல்லதுக்குத்தான். இப்போது புது ஸ்டேஷன் பளபளவென்று இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்து டீ போட்டபோது சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டிலிருக்கும் மாஸ்டரிடமிருந்து என் செல்போனுக்குச் செய்தி வந்தது. எண்பத்தாறு வயதிலும் ஆபீஸ் காகிதத்தின் நடை மாறவில்லை. “பனவிளை ஸ்டேஷன் இடிக்கப்பட்டதாக அறிகிறேன். படம் இருப்பின் காட்டவும். அடுத்த மாதம் உறவினர் கல்யாணத்துக்கு வருகிறேன்.”

படம் எங்கே இருக்கிறது? இருப்பது ஒன்றே ஒன்று, அவருடைய பிரிவுபசாரத்தில் எடுத்தது. மாலையும் கழுத்துமாக எல்லோரும் நிற்கிறோம். ஸ்டேஷன் தெரிய வேண்டிய இடத்தில் பாயிண்ட்ஸ்மேன் சுலைமான் காக்காவின் தலைதான் தெரிகிறது. எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, யோசிக்காமல் பதில் தட்டிவிட்டேன். “படம் எதற்கு சார்? ஸ்டேஷனையே காட்டுகிறேன், வாங்க.”

அனுப்பிய பிறகு, அதை அழிக்க முடியுமா என்று செல்போனைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒன்றைப் பாராட்ட ‘கொள்ளாம்’ என்ற ஒரு சொல் போதும். மீன்குழம்பு கொள்ளாம், மருமகள் கொள்ளாம், இந்த வருஷம் மழை கொள்ளாம். பிச்சைக்காரன்கூட நாலு பேருக்குக் ‘கொள்ளாம்’ சொல்லிவிட்டுப் போகிற ஊர். அந்தச் சொல்லை ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மாஸ்டர் எனக்குச் சொன்னதில்லை. டிக்கெட் அடுக்கினால் ஓரம் நேராக இல்லை என்பார். ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டி, விரலை எனக்கு முன்னால் நீட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே என் காலைநேரம். ஏழு மணி டியூட்டிக்கு நான் ஏழு நாலுக்குப் போய் நிற்பேன். மழையானாலும் வெயிலானாலும் ஏழு நாலு. அப்போது நான் தங்கியிருந்த சித்தி வீட்டிலிருந்து மரச்சீனிக்கிழங்கு விளைகளுக்கு நடுவே ஒன்றரை மைல் நடை, கடைசி அரை மைல் ஓட்டம். பிளாட்பாரக் கடிகாரத்துக்கு நேர் கீழே மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

“நாலு நிமிஷம், கிளார்க்கம்மா. சிவப்பு மையை எடுக்கட்டா?”

வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு விழுந்தால் சர்வீசில் கறை. தினமும் எடுக்கட்டா என்று கேட்பாரே தவிர ஒரு நாளும் எடுத்ததில்லை. மறந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எதையும் மறக்கிற ஆளில்லை என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஆக, எனக்கு வேண்டியது இதுதான்: அவர் மறுபடி கடல் தாண்டிப் போவதற்குள் அந்த வாயிலிருந்து ஒரு கொள்ளாம். எனக்கும் அறுபது தாண்டியாச்சு. இனி எப்போது வாங்குவது?

சுலைமான் காக்காவைத் தேங்காப்பட்டணத்திலிருந்து வரவழைத்தேன். ஒரே தண்டவாளம் இருந்த காலத்தில் அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்பதற்கு அடையாளமாக ஒரு இரும்பு உருண்டையைப் பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவருக்குக் கொடுக்க வேண்டும். அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்த முடியாது. ஓடுகிற இன்ஜினுக்கு அதை எட்டிக் கொடுக்கிற வேலை காக்காவுக்கு. ‘எனக்க கையை நம்பியாக்கும் வண்டி ஓடுது’ என்று இன்றைக்கும் சொல்லுவார். வந்ததும் மேசையைப் பார்த்தார், கையால் சாண் போட்டார், தலையை ஆட்டினார்.

“பிளாட்பாரம் தீந்துபோச்சே மக்களே. கார்டு பெட்டி எங்க நிக்கும்?”

“அது மாடல்தானே காக்கா, கொஞ்சம் குறைச்சுக்கிடலாம்.”

“குறைக்கியதா? கடைசிப் பெட்டியில வாற ஆளுவ எல்லாம் குழியில குதிக்கணுமா?”

மேசையை ஒட்டி ஒரு பலகை போட்டோம். அதை ஒட்டி இன்னொரு பலகை. அது படுக்கையறைக் கதவைத் தாண்டிப் போய்க் கட்டிலை முட்டி நின்றது. ‘பனவிளை’ என்ற மஞ்சள் போர்டு இப்போது என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. “உருண்டு விழுந்தா தண்டவாளத்துலதான் விழணும் இல்லியா?” என்றார் வீட்டுக்காரர். காக்கா அவரை ஒரு பார்வை பார்த்து, “பிளாட்பாரத்துல படுக்கப்பிடாதுண்ணு விதியாக்கும்” என்றார்.

அளவு எங்கே கிடைக்கும்? கட்டடமும் இல்லை, வரைபடமும் இல்லை. காக்காவின் கால் இருந்தது. விளக்கேற்றப் போய்வந்த வழியெல்லாம் அவருக்கு அடிக்கணக்கில் மனப்பாடம். மாஸ்டர் ரூமிலிருந்து விளக்கு ரூமுக்கு இருபத்தாறு அடி வைப்பு, டிக்கெட் ஜன்னலிலிருந்து எடை மெஷினுக்குப் பதினொன்று. வீட்டு முன்னால் தெருவில் அவர் எண்ணி நடக்க, நான் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “ரோட்டை அகலப்படுத்தப் போறாவளா அக்கா? எனக்க மதிலு போவுமா?” என்றாள். இல்லையென்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. மத்தியானத்துக்குள் தெருவில் இரண்டு வீட்டில் வாழைக்குலையை முற்றாமலே வெட்டி இறக்கிவிட்டார்கள். அதில் ஒரு சீப்பு எங்களுக்கும் வந்தது, மனசறிந்து வாங்கிக்கொண்டேன்.

இத்தனை பாடுபட்டு முதல் ஸ்டேஷனை ஒட்டி முடித்தால் பெஞ்சு உள்ளே நுழைய மாட்டேனென்கிறது. எடை மெஷினுக்கும் ஆபீஸ் வாசலுக்கும் நடுவில் கச்சிதமாகக் கிடந்த பெஞ்சு அது. இரண்டு நாள் முறைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அடியின் எண்ணிக்கை அந்தக் காலத்துக்குள்ளது; கால் இந்தக் காலத்துக்குள்ளது. முட்டுவலி வந்த காக்காவின் அடி பாதியாகக் குறுகிவிட்டது, ஸ்டேஷனும் கூடவே குறுகிவிட்டது. அவர் கொஞ்சம் வாடிப்போனார். சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, “காக்கா, மத்தியான வண்டி போன பிறகு அந்தப் பெஞ்சுல யாரு படுத்திருப்பா?” என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. தலையும் முதுகும் பெஞ்சில், முட்டுக்குக் கீழே அந்தரத்தில் என்று அவர் படுக்கிற விதம் பனவிளைக்கே தெரியும். அவரைக் கூடத்தில் படுக்கப்போட்டு முட்டுவரை நாடா பிடித்தேன். பெஞ்சு வந்தது. பெஞ்சிலிருந்து வாசல், வாசலிலிருந்து சுவர், சுவரிலிருந்து மொத்த ஸ்டேஷனும் இரண்டாம் முறை எழுந்தது.

டிக்கெட் ஜன்னலுக்கு நாடா வேண்டியிருக்கவில்லை. அரைவட்டமாக ஒரு துளை. அதன் கருங்கல் விளிம்பில் இடித்து இடித்து என் வலது முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. எழுந்து நின்று முழங்கையை மடக்கினால் ஜன்னலின் உயரம். அந்த அரைவட்டத்துக்குள் நான் முகத்தைப் பார்த்ததே குறைவு. வளையல் கை, மை ஒட்டிய கை, மல்லிப்பூ ஈரம் காயாத கை என்று கைகளைப் பார்த்தே ஆளைச் சொல்லுவேன். வீட்டுக்காரரையும் முதலில் கையாகத்தான் தெரியும். சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீட்டி வளர்த்திருந்தார். கல்யாணமான மறுநாள் வெட்டச் சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கடிகாரம். பிளாட்பாரத்தில் தொங்கிய அந்த வட்டக் கடிகாரம்தான் பனவிளைக்கே நேரம். சாவி கொடுப்பது மாஸ்டர் ஒருவர்தான். திங்கட்கிழமை ஸ்டூலில் ஏறுவார், காக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். வேறு ஆள் அந்தச் சாவியைத் தொட முடியாது. ஊரில் பள்ளிக்கூட மணி, கோயில் மணி, மில் சங்கு எல்லாம் அதைப் பார்த்துத்தான். ரயில்வேக்காரி என்ற பெருமையில் சித்தி வீட்டுக் கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் வாராவாரம் நான் அதற்குத் தக்கபடி திருத்துவேன். ரேடியோவில் செய்தி மட்டும் எங்களுக்கு எப்போதும் நாலு நிமிஷம் பிந்தித்தான் வரும். ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர் அதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்: “திருவனந்தபுரத்துல இருந்து சத்தம் வந்து சேரணும்லா? வழி கொஞ்சமா?” திருநெல்வேலி ரேடியோவும் அதே நாலு நிமிஷம் பிந்துகிறதே என்று ஒரு வாத்தியார் கேட்டதற்கு, “ரெண்டும் ஒரே தூரமாக்கும்” என்று முடித்துவிட்டார். ரயில்வே கடிகாரம் தப்பாக இருக்குமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வண்டி நாலு நிமிஷம் பிந்தினால் எங்கள் ஊரில் அது பிந்தினதே இல்லை.

வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்றை அறுத்துக் கடிகாரமாக்கினேன். முள்ளுக்கு மெல்லிய செம்புக் கம்பி. காலை வண்டி நுழைகிற நேரம், ஏழு நாற்பத்திரண்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். ஒரு வாளியின் இடத்துக்காக அரை நாள் மல்லுக்கட்டின சுலைமான் காக்கா, இதற்கு மட்டும், “உனக்க இஷ்டம் மக்களே” என்று சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வந்தார். கைத்தடி, சலவைச் சட்டை, மேல்பையில் பூதக்கண்ணாடி. உட்காருங்க சார் என்றால் உட்காரவில்லை. படுக்கையறையில் மஞ்சள் போர்டிலிருந்து தொடங்கினார். பலகையோடு பலகையாகக் குனிந்து வந்தார். வாளிகளை எண்ணினார். தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்ட மணியை விரல்நுனியால் ஆட்டினார். டிக்கெட் ஜன்னல் கட்டையில் சுண்டுவிரலை ஓட்டி, அந்த விரலைப் பார்த்தார். நான் அதிகாலையிலேயே பஞ்சால் துடைத்து வைத்திருந்தேன், என்னிடமா! பெஞ்சுக்குக் கிட்டே வந்ததும், “படுக்க ஆளில்லையா?” என்றார். காக்கா பல்லைக் காட்டினார். இன்னும் கடிகாரம் ஒன்றுதான் பாக்கி.

பூதக்கண்ணாடியைப் பொத்தானுக்கு நேரே பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தார்.

“வண்டி எங்கே நிற்குது?”

“உள்ளே நுழையுது சார்.”

“அப்போ கடிகாரம் தப்பு.”

எனக்குச் சிறுபிள்ளை மாதிரி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஏழு நாப்பத்திரண்டுக்குத்தானே சார் வண்டி? ஒன்பது வருஷம் டிக்கெட் கொடுத்திருக்கேன்.”

“வண்டிக்கு ஏழு நாற்பத்திரண்டு. நம்ம கடிகாரத்துக்கு ஏழு நாற்பத்தாறு. நாலு நிமிஷம் கூட்டி வச்சிருந்தேன்.”



“எதுக்கு சார்?”

“நீ சேர்ந்த முதல் மாசம் பாத்தேன். எவ்வளவு ஏசினாலும் நாலு நிமிஷம் பிந்தித்தான் வருவே. மூணும் இல்லை, அஞ்சும் இல்லை. நாலு. சிவப்பு மை போட்டா புது சர்வீஸ் கெட்டுப்போகும். போடலேண்ணா நான் கள்ளக் கணக்கு எழுதினவனாவேன். யோசிச்சேன். கடிகாரத்தை நாலு நிமிஷம் முன்னால தள்ளி வச்சுட்டேன். அது ஏழு நாலு காட்டும்போது எனக்க கைக்கடிகாரத்துல ஏழு. வண்டி கணக்கெல்லாம் கைக்கடிகாரத்தைப் பாத்துத்தான் எழுதுவேன். நேரத்துக்கு வந்த ஆளுக்கு எப்படிச் சிவப்பு மை போட?”

“அப்போ நான் ஒரு நாள்கூட…”

“முதல் மாசத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட நீ லேட்டில்லை.”

“பின்னே எதுக்கு சார் தினமும் ஏசினீங்க?”

“ஏசலேண்ணா நாலு எட்டாகும்லா?”

நான் சுலைமான் காக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்டூலைப் பிடிச்சவனுக்குத் தெரியாதா மக்களே? மாஸ்டர் சொல்லப்பிடாதுண்ணு சொல்லீட்டாரு.” முப்பது வருஷத்துக்கு மேலே! ஒரு மாதம் என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே வாயைத் திறக்கவில்லை, பாவி மனுஷன்.

வீட்டுக்காரர் மட்டும் விரல் விட்டு எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நம்ம தாலிகட்டு? ஸ்டேஷன் நேரத்தைப் பாத்துத்தானே முகூர்த்தம் பிறந்த உடனே கட்டினேன்? முகூர்த்தத்துக்கு நாலு நிமிஷம் முந்தியாக்கும் கட்டியிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அதாம் இப்பிடி” என்றார். மாஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் வெள்ளம் வருகிற மாதிரி சிரித்தார். எனக்கோ சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து விக்கலில் முடிந்தது. ஒருத்தி நேரத்துக்கு வரவேண்டுமென்று ஒரு ஊரையே, பள்ளிக்கூடமும் கோயிலும் மில்லுமாக, நாலு நிமிஷம் முந்தி ஓடவிட்டிருக்கிறார் மனுஷன்.

“சரி, திருத்து” என்றார்.

பொத்தானில் நாலு நிமிஷம் என்பது ஒரு முடியின் அளவு. கண்ணுக்குத் தெரியாது. இருந்தாலும் ஊசியை எடுத்து, மூச்சை அடக்கி, கம்பியை அந்த ஒரு முடி தள்ளினேன். பூதக்கண்ணாடி மறுபடி வந்தது. வலமாகப் பார்த்தார், இடமாகப் பார்த்தார்.

“கொள்ளாம்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதுவிட்டுப் பாயசத்தோடு வெளியே வந்தேன்.

போன புதன்கிழமை அவர் பனவிளையிலிருந்தே ரயிலில் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. “பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஸ்டேஷனில் இரு” என்றார். செல்போனில் வண்டி நேரத்தைப் பார்த்திருக்கலாம். மாஸ்டர் சொன்ன பிறகு பார்ப்பதாவது! முட்டையும் முறுக்குமாகப் பையைக் கட்டி, பூட்டைத் தேடி, வழக்கம்போல ஓடி, படியேறும்போதே மூச்சு வாங்கியது. புது பிளாட்பாரத்தில் ஸ்டீல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 10:16.

“நாலு நிமிஷம், கிளார்க்கம்மா.”

“வண்டி போயிட்டா சார்?”

“பத்து இருபதுக்குத்தானே வண்டி.”

“பின்னே எதுக்கு பத்து பன்னிரண்டுக்கு வரச் சொன்னீங்க?”

“நாலு நிமிஷம் உட்கார்ந்து பேசவேண்டாமா?” என்று பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

உட்கார்ந்தோம். அயனி மரம் எங்கே நின்றது என்று கைத்தடியால் காட்டினார். நான் இல்லை சார், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றேன். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். வண்டி சரியாகப் பத்து இருபதுக்கு வந்தது, போனது.

மேலே அந்தச் சிவப்பு எண்கள் எங்கேயோ ஆகாயத்திலிருக்கும் செயற்கைக்கோளிடம் நேரம் கேட்டு, நொடி பிசகாமல் மாறிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடமும் கோயிலும் இப்போது செல்போன் நேரத்தில்தான் மணியடிக்கின்றன. ஊரே சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. நான்தான் எங்கேயும் நாலு நிமிஷம் பிந்திப் போகிறேன். எனக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைக்க இனி பனவிளையில் ஆளில்லை.